கரன்ட் வைத்த மார்பில் மறையாத ரத்தக்கட்டு: மேமோகிராம் நார்மல் என்றால் விட்டுவிடலாமா?

திண்டுக்கல் மாவட்டத்திலிருந்து 59 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழு வருடங்களுக்கு முன் இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. மார்பை முழுதாக எடுக்காமல் கட்டியையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் மட்டும் எடுத்து, கீமோ கொடுத்து, பிறகு 15 தடவை கதிர்வீச்சு கொடுத்திருக்கிறார்கள். அவர் எழுதியிருப்பது போலவே சொன்னால், ‘கரன்ட் வைத்தார்கள்’. அப்புறம் 5 வருடம் தினம் ஒரு மாத்திரை. மாத்திரை முடிந்ததும் ‘இனி நமக்கு ஒன்றும் இல்லை’ என்று நினைத்து, முழங்கால் வலி, பேத்தியைப் பார்த்துக்கொள்வது என்று இரண்டு வருடமாகச் செக்கப்புக்குப் போகவில்லை.

மூன்று மாதத்துக்கு முன் அதே மார்பின் அடிப்பக்கம் ஐந்து ரூபாய் நாணய அளவில் கருஞ்சிவப்பாக, அடிபட்டுக் கன்றியது போல ஒரு திட்டு. வலி இல்லை, அரிப்பு இல்லை. உள்ளாடை அழுத்தியிருக்கும் என்று விட்டுவிட்டார். திட்டு போகவில்லை, பக்கத்தில் இன்னும் இரண்டு சின்னதாக வந்திருக்கின்றன. உறவுக்காரர் ஒருவர் இது அக்கி என்று சொல்லி, காவி கரைத்து எழுதியிருக்கிறார்கள். அப்புறம் தோல் டாக்டரிடம் போனபோது கூச்சத்தில் இடத்தைக் காட்டாமல் ‘மார்புக்கு அடியில் சிவப்பாக இருக்கிறது’ என்று வாயால் மட்டும் சொல்ல, அவர் க்ரீம் எழுதிக் கொடுத்திருக்கிறார். பிறகு தானாகவே போய் மேமோகிராம் எடுத்திருக்கிறார், ‘சந்தேகப்படும்படி எதுவும் இல்லை’ என்று ரிப்போர்ட். இடது கை வேறு கொஞ்ச நாளாக வீங்கினாற்போல இருக்கிறது. அவர் கேட்பவை: மேமோகிராம் நார்மல் என்பதால் நிம்மதியாக இருக்கலாமா? உடம்பில் தங்கிய கரன்ட் சூடுதான் இப்போது வெளியே வருகிறதா? சதை எடுத்து டெஸ்ட் செய்தால் நோய் பரவிவிடும் என்கிறார்களே? வீட்டுக்கடன் வாங்கித் திணறும் மகனிடம் இப்போது இதைச் சொல்ல வேண்டுமா?

அம்மா, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்ப்போம். இந்த வாரமே புற்றுநோய் மருத்துவர் ஒருவரிடம் அந்த இடத்தை நேரில் காட்டுங்கள். உங்களுக்குத் தேவைப்படுவது தோலிலிருந்து சிறு துண்டு எடுத்துச் செய்யும் பயாப்ஸி. க்ரீம், காவி, மஞ்சள், கற்றாழை எல்லாவற்றையும் இன்றோடு நிறுத்துங்கள். உங்களுக்கு மறுபடி புற்றுநோய் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை, கடிதத்தைப் படித்து யாராலும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் கதிர்வீச்சு பட்ட தோலில், மூன்று மாதம் ஆகியும் மறையாமல் எண்ணிக்கையில் கூடுகிற ரத்தக்கட்டு போன்ற திட்டை, என்னவென்று தெரியாமல் விட்டுவைக்கக் கூடாது.

என்னவாக இருக்கலாம்?

அடிபட்ட ரத்தக்கட்டு நிறம் மாறிக்கொண்டே வரும். முதலில் சிவப்பு, அப்புறம் கருநீலம், பிறகு பச்சை, மஞ்சள் என்று வெளுத்து இரண்டு மூன்று வாரத்தில் போய்விடும். உங்களுடையது அப்படிப் போகவில்லை, அதனால் உள்ளாடை அழுத்தியது என்பதை விட்டுவிடலாம். அக்கியும் இல்லை. அக்கி என்பது பெரும்பாலும் ஒரு பக்கமாகப் பட்டைபோல, எரிச்சலோடும் வலியோடும் நீர்க்கொப்புளமாக வந்து சில வாரத்தில் காய்ந்துவிடுகிற வைரஸ் தொற்று. உங்களுக்கு வலியும் இல்லை, கொப்புளமும் இல்லை. காவி பூசியதால் பெரிய கெடுதல் ஒன்றும் நடக்கவில்லை, அதற்காக யாரையும் கோபித்துக்கொள்ள வேண்டாம், மருத்துவரிடம் போகும் முன் நன்றாகக் கழுவிவிட்டுப் போங்கள், தோலின் உண்மையான நிறம் தெரிய வேண்டும்.

கதிர்வீச்சு முடிந்து வருடங்கள் கழித்தும் தோலில் மாற்றங்கள் வரும், அவற்றில் பெரும்பாலானவை ஆபத்தில்லாதவை. தோல் கறுத்து, தடித்து, கொஞ்சம் இறுகிப்போகும். மெல்லிய சிவப்பு நூல்கள் பின்னியது போல ரத்த நாளங்கள் தெரியும், விரலால் அழுத்தினால் வெளுத்து, விட்டால் மறுபடி சிவக்கும். மார்புக்கு அடியில் மடிப்பில் வியர்வை தங்கிப் பூஞ்சைத் தொற்று வருவது நம் ஊர் வெயிலுக்கு மிகவும் சகஜம், ஆனால் அது அரிக்கும். உங்களுக்குக் கொடுத்த க்ரீம் இதை நினைத்துத்தான் இருக்கும். கேன்சர் சிகிச்சை எடுத்த மார்பு என்பது அந்த டாக்டருக்குத் தெரிந்திருந்தால், இடத்தையும் பார்த்திருந்தால், அவர் வேறு மாதிரி யோசித்திருப்பார். தோலில் இளஞ்சிவப்பாகச் சிறு பருக்கள் போல வரும் ரத்தநாள மாற்றம் ஒன்றும் உண்டு, கதிர்வீச்சு முடிந்து சில வருடங்களில் வரும், பெரும்பாலும் தீங்கற்றது, ஆனாலும் சதை எடுத்துப் பார்த்துத்தான் அதை உறுதி செய்ய முடியும்.

கவலைப்பட வேண்டியவை இரண்டு. ஒன்று, பழைய மார்பகப் புற்றுநோயே தோலில் திரும்ப வருவது. இது பெரும்பாலும் கெட்டியான சிறு முடிச்சுகளாகவோ, தழும்பை ஒட்டிய சிவப்பாகவோ தொடங்கும். இரண்டாவது, கதிர்வீச்சு பட்ட இடத்தில் ரத்த நாளங்களிலிருந்து புதிதாகத் தொடங்கும் ஆஞ்சியோசார்கோமா என்ற வேறொரு புற்றுநோய். இது மிகவும் அரிது, மார்பில் கதிர்வீச்சு எடுத்தவர்களில் ஆயிரத்தில் ஒருவர் என்ற அளவில்தான். இருந்தும் உங்கள் கடிதத்தைப் படித்ததும் என் மனம் இதில்தான் நின்றது, ஏனென்றால் இது வரும் காலம் பெரும்பாலும் சிகிச்சைக்கு 5 முதல் 10 வருடம் கழித்து, வரும் விதம் வலியில்லாத ஊதா அல்லது கருஞ்சிவப்புத் திட்டு, ஒன்றாகத் தொடங்கிப் பக்கத்தில் இன்னும் சில. அடிபட்டதாகவே பலரும் முதலில் நினைத்துவிடுவதால் மாதக்கணக்கில் நாள் போய்விடுகிறது. வேகமாக வளரக்கூடியது. சிறியதாக இருக்கும்போதே கண்டுபிடித்து முழுதாக வெட்டி எடுத்தால் குணமாகும் வாய்ப்பு கூடும், பரவிவிட்டால் சமாளிப்பது கடினம். ஆயிரத்தில் ஒன்று என்பது சிகிச்சை எடுத்த எல்லாரையும் சேர்த்த கணக்கு, மறையாத திட்டோடு வந்து நிற்பவருக்கு அந்தக் கணக்கை வைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன்.

கை வீக்கத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்குளில் முடிச்சுகளை எடுத்ததால் நிணநீர் வடியாமல் கை வீங்குவது உண்டு, அழுத்தக் கையுறையும் பயிற்சியும் உதவும். ஆனால் சிகிச்சை முடிந்து இத்தனை வருடம் கழித்துப் புதிதாக வீங்கினால் காரணம் பார்க்கத்தான் வேண்டும். நீண்ட நாள் வீங்கிய கையிலும் இதே வகைப் புற்றுநோய் வரலாம் என்று ஸ்டூவர்ட், ட்ரீவ்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1948லேயே எழுதியிருக்கிறார்கள், அதனால் கையின் உள்பக்கத்திலும் அக்குளிலும் திட்டு எதுவும் இருக்கிறதா என்று கண்ணாடி முன் நின்று பாருங்கள்.

‘5 வருடம் தாண்டிவிட்டது’

நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 5 வருடம் தாண்டினால் ஆபத்து குறையும் என்பது உண்மைதான், போய்விடும் என்பது உண்மையில்லை. உங்களைப் போல ஹார்மோன் மாத்திரை சாப்பிட்ட வகைப் புற்றுநோய் பத்து வருடம், அதற்கு மேலும் கழித்துத் திரும்ப வருவது உண்டு. வருடம் ஒரு முறை மருத்துவர் கையால் பரிசோதிப்பதும் மேமோகிராமும் தொடர வேண்டும். இரண்டு வருடம் போகாமல் இருந்ததை நினைத்துக் குற்றவுணர்ச்சி வேண்டாம். ஏன் போகவில்லை என்று மருத்துவர் கடிந்துகொண்டால், ‘இப்போது வந்துவிட்டேன், இதைப் பாருங்கள்’ என்று சொல்லுங்கள், அது போதும்.

வலி இல்லாததை நீங்கள் நல்ல அறிகுறியாக எழுதியிருக்கிறீர்கள். இந்த நோய்களில் வலி தொடக்கத்தில் பெரும்பாலும் இருப்பதே இல்லை. அப்புறம், உடம்பில் கரன்ட் தங்குவதில்லை. உங்களுக்கு வெளியிலிருந்து மெஷின் மூலம் கொடுத்த கதிர்வீச்சு, மெஷினை நிறுத்திய நொடியே முடிந்தது, சூடாக வெளியே வருவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. அது செல்களின் மரபணுக்களில் விட்டுப்போன சேதம்தான் அபூர்வமாகச் சிலருக்கு வருடங்கள் கழித்துத் தொந்தரவு தரும்.

இதைப் படித்ததும் ‘அப்படியானால் அன்றைக்குக் கரன்டே வைக்காமல் இருந்திருக்கலாமே’ என்று தோன்றும். வேண்டாம். மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்த பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கை ஒன்றுசேர்த்து 2011ல் வெளியிட்டார்கள். கதிர்வீச்சு எடுக்காதவர்களில் 10 வருடத்துக்குள் நோய் திரும்பியது 35 சதவீதம், எடுத்தவர்களில் 19 சதவீதம். உங்களுக்கு அன்று செய்தது சரியான சிகிச்சை, இந்த ஏழு வருடத்தில் அதன் பங்கு இருக்கிறது.

மேமோகிராம் நார்மல் என்பதற்கு என்ன அர்த்தம்?

மார்புக்கு உள்ளே இருக்கும் கட்டியையும் சுண்ணாம்புப் புள்ளிகளையும் தேடுவதற்கான படம் அது. தோலின் மேல் தட்டையாகப் படர்ந்த திட்டு அதில் தெரியாமல் போகலாம். தோல் தடித்திருப்பது தெரிந்தாலும் கதிர்வீச்சு எடுத்தவர் என்பதால் ‘சிகிச்சைக்குப் பின் வரும் மாற்றம்’ என்று எழுதிவிட வாய்ப்புண்டு. ரிப்போர்ட் பொய் இல்லை, நீங்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை, அவ்வளவுதான். புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனையும் அப்படியே, நார்மல் என்று வந்தாலும் இந்தத் திட்டைப் பற்றி அது எதுவும் சொல்லாது. பெட் ஸ்கேன் எடுக்கிறேன் என்று கடன் வாங்கிக் கிளம்பிவிடாதீர்கள். மெல்லிய தோல் திட்டை அதுவும் தவறவிடலாம், நோய் உறுதியான பிறகு எங்கெல்லாம் இருக்கிறது என்று பார்க்கத்தான் ஸ்கேன்கள்.

சதை எடுத்தால் பரவிவிடுமா?

பரவாது. இந்தப் பயம் நம் ஊரில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ‘கத்தி பட்டதும் பரவிடுச்சு’ என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதைகளில் நோய் ஏற்கெனவே பரவியிருந்து, கத்தி பட்ட பிறகுதான் வீட்டாருக்குத் தெரிந்திருக்கும். பயாப்ஸி செய்யாமல் என்ன நோய் என்று தெரியாது, என்ன நோய் என்று தெரியாமல் எந்த மருத்துவரும் சரியான சிகிச்சை தொடங்க முடியாது.

அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு வட்டக் கத்தியால் தோலின் முழு ஆழத்துக்கும் ஒரு துண்டு எடுப்பார்கள், ஒன்றிரண்டு தையல், அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். ஊசி போடும்போது சுருக்கென்று இருக்கும். சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முன்பே சொல்லுங்கள். கதிர்வீச்சு பட்ட தோல் ஆறக் கொஞ்சம் கூடுதல் நாள் எடுக்கும், அதற்குப் பயப்பட வேண்டாம்.

இதில் மூன்று விஷயங்களை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கூட்டமான ஓபியில் இவை விட்டுப்போகின்றன. பரிசோதனைக்கு அனுப்பும் தாளில் ‘மார்பகப் புற்றுநோய்க்கு இன்ன வருடத்தில் கதிர்வீச்சு எடுத்தவர்’ என்று எழுதியிருக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்க்கும் மருத்துவருக்கு அது தெரிந்தால்தான் ஆஞ்சியோசார்கோமாவை மனதில் வைத்துத் தேடுவார், தேவைப்பட்டால் மிக் என்ற மரபணுவுக்கான சோதனையும் செய்து தீங்கற்ற மாற்றத்திலிருந்து பிரித்துச் சொல்வார். இரண்டாவது, ஒரே இடத்தில் எடுப்பதைவிடத் திட்டின் நடுவிலும் ஓரத்திலும், முடிந்தால் சின்னத் திட்டிலும் எடுப்பது நல்லது, இதை மருத்துவரிடம் கேட்கலாம், தவறில்லை. மூன்றாவதுதான் முக்கியம்: முதல் ரிப்போர்ட்டில் ஒன்றுமில்லை என்று வந்தும் திட்டு அப்படியே இருந்தாலோ பெரிதானாலோ, மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். இந்த நோய் முதல் பயாப்ஸியில் பிடிபடாமல் போவது உண்டு.

ஒருவேளை ஆஞ்சியோசார்கோமா என்று உறுதியானால் அறுவை சிகிச்சைதான் முதன்மை. பெரும்பாலும் அந்த மார்பை முழுதாகவும், திட்டுகளைச் சுற்றிய தோலை விரிவாகவும் எடுக்க வேண்டிவரும், சிலருக்கு வேறிடத்திலிருந்து தோலோ தசையோ வைத்து மூடுவார்கள், சிலருக்குக் கீமோவும் உண்டு. சார்கோமா வகையில் அனுபவம் உள்ள பெரிய மையத்தில் செய்வதுதான் நல்லது. பழைய புற்றுநோயே திரும்பியிருந்தால் வழி வேறு, மாத்திரையே கூடப் பெரிய பங்கு வகிக்கலாம். இந்தத் தீர்மானங்களை இப்போதே போட்டு மனதை உலைக்க வேண்டாம்.

எங்கே போவது, என்ன எடுத்துப் போவது?

முதலில் சிகிச்சை எடுத்த மருத்துவமனைக்கே போவது நல்லது, உங்கள் பழைய கோப்பு அங்கே இருக்கும். அங்கே தேதி கிடைக்க ஒரு மாதம் ஆகும் என்றால் காத்திருக்க வேண்டாம். உங்கள் பக்கத்துக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது, சென்னைக்குப் போய்த் தங்க வசதி இருந்தால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு அண்ணா புற்றுநோய் மருத்துவமனை. பயாப்ஸியை அருகில் செய்துகொண்டு, சிகிச்சை தேவைப்பட்டால் பெரிய மையத்துக்குப் போவதுதான் என் யோசனை, அலைச்சல் குறையும், நாளும் வீணாகாது.

பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, பயாப்ஸி ரிப்போர்ட், எத்தனை கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) கொடுத்தார்கள் என்ற தாள், இப்போதைய மேமோகிராம், சாப்பிடும் மாத்திரைகள், போட்ட க்ரீமின் ட்யூப் எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். தாள்கள் தொலைந்திருந்தால் பழைய மருத்துவமனையில் எழுதிக் கேளுங்கள். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிகள் சொல்கின்றன. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பதிவுகளை வைத்திருக்க அவர்களுக்குக் கட்டாயம் இல்லை, ஆனாலும் புற்றுநோய்ப் பிரிவுகளில் பல வருடக் கோப்புகள் இருப்பதுண்டு, கேட்டுப் பாருங்கள். திட்டின் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து, பகல் வெளிச்சத்தில், மருமகளை விட்டு ஒரு படம் எடுத்துக்கொள்வதும் நல்லது. வளர்கிறதா என்று வாயால் சொல்வதைவிடப் படம் தெளிவாகச் சொல்லும்.

ஆண் மருத்துவரிடம் காட்டக் கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். பெண் மருத்துவர் இருந்தால் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால், பரிசோதிக்கும்போது பெண் ஒருவர் உடன் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. வேறு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதும் உரிமைதான், அதற்காகப் பயாப்ஸி ஸ்லைடுகளையும், எடுத்த சதையைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக் கட்டியையும் கேட்டு வாங்கிப் போகலாம். ஆனால் தோலைக் காட்டாமல் மட்டும் திரும்பி வந்துவிடாதீர்கள், மார்பு, அக்குள், கை எல்லாம் திறந்து பார்த்தால்தான் பரிசோதனை.

செலவு பற்றி. அரசு மருத்துவமனையில் பயாப்ஸிக்குப் பெரிய செலவு இல்லை. முதல் சிகிச்சை முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் நடந்ததாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு முறை பயன்படுத்தியதோடு அட்டை தீர்ந்துபோவதில்லை, குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை என்ற கணக்கு அது. இப்போது உங்கள் குடும்ப அட்டையும் வருமான விவரமும் மாறியிருந்தால் அட்டை செல்லுபடியாகிறதா என்று மருத்துவமனையிலேயே உள்ள காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள், தனியாரில் சேரும் முன் கட்டாயமாக.

காத்திருக்கக் கூடாதவர்கள்

இதே போன்ற சிகிச்சை எடுத்த மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். மார்போ கையோ திடீரென்று சிவந்து சூடாகி, காய்ச்சலும் குளிரும் வந்தால் அது தொற்று, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோல் ஆரஞ்சுப்பழத் தோல் போலக் குழிகுழியாக மாறுவது, காம்பில் ஆறாத பொருக்கு, தழும்பில் புது முடிச்சு, இவற்றுக்கு ஒரு வாரத்துக்குள். கதிர்வீச்சு முடிந்த புதிதில் மார்பு கொஞ்சம் வீங்கி நுண்துளைகள் பெரிதாகத் தெரிவது சாதாரணம்தான், மெல்ல மெல்லக் குறையும். குறைந்தது மறுபடி கூடினால் காட்டுங்கள். ஸ்டீராய்டு கலந்த க்ரீமைக் கடையில் கேட்டு வாங்கித் தடவுவதை மட்டும் யாரும் செய்யாதீர்கள், சிவப்பு குறைந்து உள்ளே நடப்பது மறைந்துவிடும்.

மகனிடம் சொல்லலாமா?

சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். உங்கள் உடம்பு பற்றிய விவரத்தை நீங்கள் கேட்டுக்கொண்டால் மருத்துவர் அவரிடம் சொல்ல மாட்டார். ஆனால் தனியாகப் போகாதீர்கள், ரிப்போர்ட் பற்றிச் சொல்லும் நாளில் பாதி காதில் விழாது, எழுதிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். கடிதத்தில் மருமகளைப் பற்றி அன்பாக எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் இன்றே சொல்லலாமே. மகனுக்கு, ‘தோலில் ஒரு திட்டு, டெஸ்ட் எடுக்கப் போறோம்’ என்ற அளவில் சொன்னால் போதும், இப்போதைக்கு உண்மையும் அவ்வளவுதான். கடனில் இருக்கும் பிள்ளைக்குச் சுமையாகிவிடுவோம் என்று நீங்கள் தள்ளிப்போட்டால், நோயாக இருக்கும்பட்சத்தில் பின்னால் ஆகும் செலவும் அலைச்சலும் பல மடங்கு. அவரைக் கேட்டால் இப்போதே போகத்தான் சொல்வார்.

ரிப்போர்ட் வந்ததும் ஒரு நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன். என் பதில் வரட்டும் என்று அடுத்த தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.